எதோடு சாப்பிட்டீர்கள்?

“தூக்கமா? அந்த மாத்திரையைப் போட ஆரம்பிச்சதிலேர்ந்து கண்ணு மூட மாட்டேங்குது. வீட்டுல இருந்த திரைச்சீலை அத்தனையும் கழட்டித் துவைச்சாச்சு. இப்ப பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாகிட்ட அவங்க வீட்டுதைக் கேட்டிருக்கேன்.”

“உனக்குப் பரவாயில்லை சுசீ. நான் போட்டா அப்படியே சாய்ஞ்சிடுறேன்லா. போன வாரம் பஸ்ஸுல ஏறி உக்காந்தேன். கண்ணைத் திறந்தா கடைசி ஸ்டாப். டிரைவர் வந்து தோளைத் தட்டுறார். சரின்னு திரும்பி வர்ற பஸ்ஸுல ஏறினேன். மறுபடி கண்ணைத் திறந்தா ஏறின இடத்தையும் தாண்டி இந்தப் பக்கத்துக் கடைசி ஸ்டாப். அதே டிரைவர்.”

“எனக்கு ஹீட்டுங்க. சும்மா ஹீட் இல்லை. உள்ளேர்ந்து கொதிக்குது. வாயைத் திறந்தா ஆவி வருமோன்னு பயமா இருக்கு.”

“எனக்கு ஒண்ணுமே ஆகலையேண்ணே.”

கடைசியாகப் பேசிய கதிரேசனை மற்ற மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். பந்தியில் எல்லாரும் காரம் தாங்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் ‘உறைக்கவே இல்லையே’ என்றால் எப்படிப் பார்ப்பார்கள், அப்படி.

“நீ சரியா முழுங்குறியா?” என்றார் பஸ்ஸில் தூங்கிய செல்வராஜ்.

“தண்ணி ஊத்தித்தாண்ணே முழுங்குறேன்.”

“உள்ளே போகுதா?”

“வேற எங்கேண்ணே போகும்?”

சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையின் ஐந்தாவது பக்கத்தில், அதாவது மேசைக்கு நாலே பக்கம் இருந்ததால் மூலையில், இனியா மடிக்கணினியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தட்டிக்கொண்டிருந்தாள். பெயர், வயது, மாத்திரை அளவு, போடும் நேரம், என்ன ஆகிறது. ஐந்து பத்திகள். கதிரேசனின் வரிசையில் கடைசிக் கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினாள். அவரைப் பற்றி ஏதோ தவறாக எழுதிவிட்டதுபோல் உறுத்தியது.

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் செல்வராஜின் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, காற்று நன்றாக வரும் அந்த இடத்தில்தான் ‘பக்கவிளைவுக் குடும்பம்’ சனிக்கிழமைதோறும் கூடும். நோய்க்கு மருந்து சாப்பிட்டு, நோய் போய் மருந்து தந்த கோளாறு தங்கிவிட்டவர்களின் குடும்பம் அது. செல்வராஜ் இருபது வருடம் மூச்சிழுப்புக்காக ஸ்டெராய்டு சாப்பிட்டு முகம் உப்பி எலும்பு மெலிந்தவர். தெம்பனிஸில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்யும் சுசீலா, நெஞ்செரிச்சலுக்குப் பத்து வருடம் மாத்திரை போட்டு, இப்போது கெண்டைக்காலில் சதை பிடித்திழுத்து அலறுபவர். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த சுந்தரேசன் வலிப்பு மாத்திரையை விட முடியாமல் எலும்பு வலியோடு வாழ்பவர். கப்பல் பட்டறைத் தொழிலாளி கதிரேசன் முதுகுவலிக்கு வலிமாத்திரைகளை மிட்டாய்போல் சாப்பிட்டு வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டவர்.

குடும்பத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். யாரும் யாரிடமும் ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்லக் கூடாது. இனியாவையும் சேர்த்து ஐவருமே அந்த வாக்கியத்தை டாக்டர்களிடமும் சம்பந்திகளிடமும் மேலதிகாரிகளிடமும் வேண்டிய அளவு கேட்டிருந்தார்கள். இங்கே ஒருவர் உடம்பு கொதிக்கிறது என்றால் கொதிக்கிறது. அவ்வளவுதான்.

இந்த ஐவருக்கும் இரண்டு மாதங்களுக்குள் அடுத்தடுத்து ரத்தப் பரிசோதனை நடந்ததில் ஐவருக்குமே வைட்டமின் டி குறைவு என்று வந்தது தற்செயல்தான். ஆண்டு முழுக்க வெயில் காயும் தீவில் வெயிலால் கிடைப்பது எப்படிக் குறையும் என்று செல்வராஜ் சூரியன்மீதே கோபப்பட்டார். ஆனால் யோசித்துப் பார்த்தால், புளோக்கிலிருந்து பஸ் நிறுத்தம்வரை கூரை, அங்கிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம்வரை கூரை, அதற்குள் போனால் குளிர்சாதனம். கதிரேசனோ கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி வேலை செய்பவர். வெயில் இந்த ஊரில் எல்லார் மேலும் படுவதில்லை. துணி காயப்போடும் மூங்கில்கழிகள் மேல் படுகிறது.

நாலு பேரும் மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். இனியா மட்டும் தொடங்கவில்லை. மூன்று வாரமாக அந்த அட்டை அவள் அலமாரி இழுப்பறையில் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சிறுநீர்த் தொற்றுக்காக அவளுக்கு ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். தொற்று போனது. கூடவே குதிகால் நரம்பும் போனது. ஏழு நாளில் வந்த வலியை இரண்டு வருடமாகத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறாள், வாங்கிக்கொள்ள யாருமில்லை. பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் குதிகாலில் இருந்து முழங்கால்வரை யாரோ கம்பியை முறுக்குவதுபோல் இருக்கும். அதிலிருந்து எந்த மாத்திரையைப் பார்த்தாலும், முன்பு கடிபட்டவர் தெருநாயைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். இது கடிக்குமா? வாலை ஆட்டுகிறதே, அதற்குப் பிறகு கடிக்குமா?

அவளுடைய வேலையோ நடப்பது. லிட்டில் இந்தியாவில் ‘அஞ்சடி டூர்ஸ்’ என்ற சின்ன நிறுவனத்தில் அவள் வழிகாட்டி. கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் சுற்றுப்பயணிகளைக் கூட்டிக்கொண்டு போய், கதவும் ஜன்னலும் தரை ஓடும் பேசுகிற கதைகளைச் சொல்லுவாள். இரண்டு வருடமாக மாடியறையில் உட்கார்ந்து முன்பதிவு மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுகிறாள். ‘மழை வந்தால் என்ன செய்வது?’ ‘குடை கொண்டுவாருங்கள்.’ ‘சைவ உணவு கிடைக்குமா?’ ‘கிடைக்கும்.’ ஜன்னலுக்குக் கீழே வேறு யாரோ அவளுடைய கதைகளைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஒருமுறை பொறுக்க முடியாமல் மேலிருந்து கத்தித் திருத்தியிருக்கிறாள்.

போன வியாழக்கிழமை முதலாளி ஷமீமா அவள் மேசைமேல் ஏறி உட்கார்ந்தார். ஷமீமா நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு நேரம் கிடையாது.

“இனியா, ஷார்ட்டா சொல்றேன். மாசக் கடைசியில இருபது பேர் குரூப் வருது. ரிட்டயர் ஆன டீச்சர்ஸ். நிறைய கேள்வி கேப்பாங்க. உன்னை மாதிரி ஆள்தான் சரி. ஆனா உன் கால்...”

“கொடுங்கக்கா. நான் போறேன்.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு டிரையல் வாக். ஏழு ஸ்டாப், ரெண்டு மணி நேரம். நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு வா, நான் பின்னாடியே வர்றேன். முடிச்சா வாக்கிங் டூர் திரும்பவும் உன்னோடது. முடியலேன்னா புதுப் பையனை பெர்மனென்ட்டா போட்டுடுவேன். நீ ஈமெயிலைப் பாத்துக்க. சரியா?”

சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் இழுப்பறையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது காலைச் சரியாக்குமா? இல்லை, இருக்கிற காலையும் வாங்கிக்கொள்ளுமா? அதற்காகத்தான் இந்த அட்டவணை. நாலு பேர் உடம்பில் நடப்பதைப் பார்த்துத் தன் உடம்பில் நடக்கப்போவதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தாள். இப்போது அட்டவணை முடிந்துவிட்டது. தூக்கம் வராது, தூக்கம் வரும், கொதிக்கும், ஒன்றும் ஆகாது. நாலு பேருக்கு நாலு மாத்திரை கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது.

“ஞாயித்துக்கிழமைக்கு ஆள் வேணும்னியே, நாங்க வர்றோம்லா,” என்றார் செல்வராஜ்.

“நீங்களா அங்கிள்? ரெண்டு மணி நேரம் நடக்கணுமே.”

“நீ நடப்பேல்ல? அப்ப நாங்களும் நடப்போம்.”

இனியா மடிக்கணினியை மூடினாள்.

திங்கட்கிழமை அவள் மருந்தகத்துக்குப் போன் செய்தாள். மருந்தாளர் பவித்ரா பொறுமையான பெண்.

“மேடம், இன்னைக்கு வைட்டமின் டி ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமைக்குள்ள கால்ல பலம் வருமா?”

“எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமைம்மா?”

“இந்த வாரம்.”

“வராது. இது மாசக்கணக்குல பேசுற விஷயம். மூணு மாசம் போட்டுட்டு ரத்தம் குடுங்க, அப்புறம் பாக்கலாம். கால் வலிக்கு இது மருந்துன்னும் நெனச்சுக்காதீங்க. குறைஞ்சதை நிரப்புது, அவ்வளவுதான். ஏதாவது வித்தியாசமா இருந்தா நெட்டுல தேடாம டாக்டருக்குப் போன் பண்ணுங்க. ஆங், கொழுப்புள்ள சாப்பாட்டோட போடுங்க. அப்பத்தான் உடம்புல நல்லா சேரும்.”

இனியா போனை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவது பழைய கால்தான், புதுக்கால் கிடையாது என்பது ஒருபக்கம். இன்னொரு பக்கம், ‘கொழுப்புள்ள சாப்பாடு’ என்ற சொல் மூளையில் எங்கோ ஒட்டிக்கொண்டது. மடிக்கணினியைத் திறந்து அட்டவணையில் ஆறாவதாக ஒரு பத்தியைச் சேர்த்தாள். தலைப்பில் ‘எதோடு சாப்பிட்டீர்கள்?’ என்று எழுதினாள். பிறகு ஒவ்வொருவராக அழைத்தாள்.

“ஆன்ட்டி, மாத்திரையை எதோட சாப்பிடுறீங்க?”

“தண்ணியோடதான்,” என்றார் சுசீலா.

“அதில்லை. கூட என்ன சாப்பாடு?”

மறுமுனையில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது.

“கொழுப்புள்ளதோட போடச் சொன்னாங்கல்ல?” என்று ஆரம்பித்தார் சுசீலா. “வெண்ணெய் கொழுப்புதானே? அதான் கோப்பியில வெண்ணெய் போட்டுக் குடிக்கிறேன்.”

“எத்தனை கோப்பி?”

“ஒரு கோப்பையில அவ்வளவு வெண்ணெய் போட்டா திகட்டுது. அதனால பிரிச்சு மூணு.”

“மூணையும் எப்போ குடிக்கிறீங்க ஆன்ட்டி?”

“ராத்திரி சாப்பிட்டப்புறம். வெறும் வயித்துல போடக் கூடாதில்ல?”

நெஞ்செரிச்சலுக்குப் பயந்து பத்து வருடமாகக் கோப்பிக்கடை இருக்கும் பக்கம்கூட நடக்காதவர் சுசீலா. வைட்டமின் டி வந்து அந்தக் கதவைத் திறந்துவிட்டிருந்தது.

செல்வராஜிடம் கேட்க வேண்டியதே இல்லை. கேள்வி முடிவதற்குள் அவராகவே தற்காப்பில் இறங்கினார். “பிரியாணிலா. மட்டன். மருந்து அளவுக்குத்தான், ஒரு பொட்டலம். டாக்டரே சொல்லிட்டார்னு வீட்டுல சொல்லிட்டேன். அவளே பையைக் குடுத்து அனுப்புறா. ஓட்ஸ் கஞ்சி குடிச்சுக் குடிச்சு நாலு வருஷம் ஆச்சு, தெரியுமா?”

“பஸ்ஸுல தூங்குனீங்களே, அன்னைக்கு?”

“அன்னைக்கு ரெண்டு பொட்டலம்.”

சுந்தரேசன் அழைப்பை எடுத்ததும் குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் இருங்க, பால்கனிக்கு வந்துடறேன்... ஆங், சொல்லுங்க. எதோட சாப்பிடறேனா? டுரியான்ல நல்ல கொழுப்பு இருக்குன்னு நெட்ல போட்டிருந்தாங்க. வெஜிடேரியன் கொழுப்பு. கேலாங்க்ல ஒரு கடை.”

“ஒரு சுளை, ரெண்டு சுளையா?”

“ஒரு பழம்.”

“முழுப் பழமா? அது பயங்கரச் சூடாச்சே!”

“சுளையை எண்ணிக்கிட்டா சாப்பிட முடியும்? இங்க பாருங்க, வீட்ல சொல்லிடாதீங்க. அந்த வாசனையே அவங்களுக்கு ஆகாது. சிவன் கோயிலுக்குப் போறேன்னுதான் தினமும் கிளம்பறேன். நான் பக்திமானா மாறிட்டேன்னு என் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. அம்மா அழுதுட்டாங்களாம்.”

கடைசியாகக் கதிரேசன். “டார்மிட்டரி சாப்பாடுதான் தங்கச்சி. கேட்டரிங்காரன் குடுக்குற சாம்பார். அதுல கொழுப்பு எங்கே இருக்கு? பருப்பு இருக்கான்னே கையை விட்டுத் தேடணும்.”

ஆறாவது பத்தி நிரம்பிவிட்டது. இனியா ஐந்தாவதையும் ஆறாவதையும் மாறி மாறிப் பார்த்தாள். இதற்கு விஞ்ஞானி தேவையில்லை. ஆனால் சட்டம் இருந்தது. ‘உங்களுக்கு வருவது மாத்திரையால் இல்லை’ என்று சொன்னால், அடுத்த வார்த்தை எதுவாக இருந்தாலும் அவர்கள் காதில் ‘எல்லாம் மனசுதான்’ என்றே விழும். ரொம்ப நேரம் யோசித்து, அடித்து, திருத்தி, குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் போட்டாள்: ‘ஒரு வாரம் எல்லாரும் ஒரே சாப்பாட்டோட மாத்திரை போட்டுப் பாப்போமா? இட்லி, பொடி, ஒரு கரண்டி நல்லெண்ணெய். நானும் நாளைக்கு ஆரம்பிக்கிறேன்.’

முதலில் சுசீலாவின் குரல் பதிவு வந்தது. “இனியா, எல்லாம் மனசுதான்னு சொல்ல வர்றியா?”

‘மனசு இல்லை ஆன்ட்டி. வெண்ணெய்.’

சுந்தரேசன் குழுவை விட்டு வெளியேறினார். நாலு நிமிடத்தில் திரும்பி வந்து, கைதவறிப் பட்டுவிட்டது என்றார். செல்வராஜ், ‘பிரியாணி என்ன பாவம் பண்ணுச்சு?’ என்று எழுதிக் கூடவே அழும் பொம்மைகள் ஏழு போட்டார். சண்டை முடியும் நேரத்தில் கதிரேசன் கேட்டதுதான் எல்லாரையும் நிறுத்தியது: ‘அப்ப கொழுப்பு இல்லாததாலதான் எனக்கு ஒண்ணும் ஆகலையா? யாராவது எனக்குப் பிரியாணி வாங்கிக் குடுங்கண்ணே. எனக்கும் ஏதாவது ஆகணும்ல.’

கடைசியில் எல்லாரும் இனியாவுக்கு வாக்குக் கொடுத்தார்கள். ஒரு வாரம் முடியாதாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இட்லி, நல்லெண்ணெய், மாத்திரை. வேறு எதுவும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இனியா தன் முதல் மாத்திரையை விழுங்கினாள். விழுங்கிவிட்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தாள். எட்டு பத்துக்கு இடது காது அரித்தது. குறித்துக்கொண்டாள். எட்டு இருபதுக்குக் கொட்டாவி வந்தது. குறித்துக்கொண்டாள். எட்டரைக்குச் சின்ன வயதில் பார்த்த ஒரு மஞ்சள் பஸ்ஸின் நினைவு காரணமில்லாமல் வந்தது. அதையும் குறித்துவிட்டு, இது எந்த உறுப்பின் கீழ் வரும் என்று தெரியாமல் அடித்தாள். ஒன்பது மணிக்குப் பசித்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமைவரை ஒன்றும் நடக்கவில்லை. கால் நேற்று வலித்தபடியே இன்றும் வலித்தது. கடிக்காத நாய் என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. ஆனால் இந்த நாய் வண்டியையும் இழுக்காது என்பதில் வருத்தம்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை வாசலில் ஷமீமா ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக நின்றார். போனில் நிமிடக் கணக்கு ஓடத் தயாராக இருந்தது.

முதலில் வந்தவர் சுசீலா. வந்தார் என்பதைவிடப் பாய்ந்தார் எனலாம். “குட் மார்னிங்! இட்லிதான் சாப்பிட்டேன். இட்லிக்கு ஒரு கோப்பி குடிச்சா தப்பில்லையே? வெண்ணெய் போடலை. கொஞ்சமாத்தான் போட்டேன். கிளம்பலாமா? ஏன் நிக்கிறீங்க? யாருக்கு வெயிட் பண்றோம்?”

சுந்தரேசன் நெற்றி நிறைய விபூதியோடு எம்ஆர்டி வாசலிலிருந்து ஏறி வந்தார். எம்ஆர்டிக்குள் டுரியான் கொண்டுவரக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். வயிற்றுக்குள் வைத்துக் கொண்டுவருவதைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை. அவர் வணக்கம் சொன்னதும் ஷமீமா ஓரடி பின்வாங்கிக் குடையை விரித்தார்.

செல்வராஜும் கதிரேசனும் சந்தைக்கு உள்ளேயிருந்தே வந்தார்கள். கதிரேசனின் முகத்தில், முதல்முறையாக விமானம் ஏறி இறங்கியவரின் முகத்தில் இருக்கும் ஒளி.

“அங்கிள்!” என்றாள் இனியா.

“பாவம்லா, ஆசையா கேட்டான். இவனுக்கும் ஏதாவது ஆகட்டும்னு மட்டனும் நெய்ச்சோறும்...”

“ஸ்டார்ட்,” என்றார் ஷமீமா.

முதல் நிறுத்தம் கெர்பாவ் ரோட்டில் எல்லா வண்ணமும் பூசிய பழைய சீன வீடு. இனிப்புத் தொழில் செய்த வணிகரின் கதையை இனியா தொடங்கினாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு தெருவில் அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. இரண்டு வாக்கியம் முடிவதற்குள் சுசீலா அந்த வீட்டின் ஜன்னல்களை எண்ணி முடித்து, எந்தெந்த ஜன்னல் துடைக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்குப் போய், அங்கிருந்து கையசைத்தார். சுந்தரேசனோ நிழலைத் தேடிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நகர்ந்தார். கதை கேட்கத் தாங்களாகவே கூடச் சேர்ந்துகொண்ட இரண்டு சுற்றுப்பயணிகள் அவர் பக்கத்தில் நின்று, எங்கோ எரிவாயு கசிகிறது என்று ஆங்கிலத்தில் கவலைப்பட்டார்கள்.

ஒன்பது நாற்பது. இனியாவின் குதிகாலில் கம்பி முறுக்கத் தொடங்கியது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறினாள். ஷமீமா அதைப் பார்த்தார். இனியா, அவர் பார்த்ததைப் பார்த்தாள். இன்னும் ஐந்து நிறுத்தங்கள் இருந்தன.

மூன்றாவது நிறுத்தம் கேம்பல் லேனில் ஒரு பூக்கடை. மாலை கட்டுவதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது, பின்னால் ஒரு மெல்லிய ஊதல் சத்தம் கேட்டது. கதிரேசன் கடைத் தூணில் சாய்ந்து, நின்ற நிலையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். மல்லிகைச் சரம் ஒன்று அவர் மூச்சுக்கு ஏற்றபடி ஆடியது.

“ஆச்சு! அவனுக்கும் ஆச்சு!” என்று செல்வராஜ் கைதட்டினார். சுசீலா ஓடிவந்து பார்த்தார். சுந்தரேசன் படம் எடுத்தார். தங்கள் பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததுபோல் மூவருக்கும் அவ்வளவு பூரிப்பு.

“விழுந்துடப் போறார்,” என்று சொல்லிப் பூக்கடைக்காரம்மா சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை எடுத்துப் போட்டார். கதிரேசனை அதில் சாய்த்தார்கள். செல்வராஜ், தனக்கும் கண் சொக்குவதாகச் சொன்னதும் இன்னொரு ஸ்டூல் வந்தது. அந்தம்மா நிமிர்ந்தபோதுதான் இனியாவைக் கவனித்தார். “அடியே, நீயா! ரெண்டு வருஷமா எங்கே போனே? உக்காரு, உக்காரு.” மூன்றாவது ஸ்டூலும் வந்தது.

இனியா ஷமீமாவைப் பார்த்தாள். ஷமீமா போனைப் பார்த்தார். கம்பி இன்னொரு சுற்று முறுக்கியது. இனியா உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் தெரு வேறாகிவிட்டது. இத்தனை வருடம் தலைக்குமேல் இருக்கும் ஜன்னல்களையும் முகப்புச் சித்திரங்களையும் காட்டித்தான் அவள் கதை சொல்லியிருக்கிறாள். இப்போது கண்ணுக்கு நேராகப் பூக்கூடைகளின் அடிப்பாகம், கால் தேய்த்துத் தேய்த்துப் பூ அழிந்த தரை ஓடு, மாலை கட்டும் விரலில் நார் அறுத்துக் காய்த்த தழும்பு, கடைக்குக் கீழே தூங்கும் பூனை. திட்டமிட்டிருந்த பேச்சை விட்டுவிட்டு அந்த விரலிலிருந்து ஆரம்பித்தாள். பூக்கடைக்காரம்மா நடுவில் புகுந்து இரண்டு இடத்தில் திருத்தினார். எரிவாயுவுக்குப் பயந்த சுற்றுப்பயணிகள் இருவரும் இதுவும் பயணத்தில் சேர்ந்தது என்று நினைத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்டார்கள். பதினைந்து நிமிடம் போனது யாருக்கும் தெரியவில்லை, ஷமீமாவைத் தவிர.

அதற்குப் பிறகு பூக்கடைக்காரம்மாவிடம் இரவல் வாங்கிய ஸ்டூல்கள் அவர்களோடு வந்தன, அரைத்தூக்கத்தில் கதிரேசனும். சுசீலாவின் கைகால்களுக்கு வேலை கிடைத்ததில் அவருக்கு நிம்மதி. அடுக்கித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் போட்டுவைத்துக் காத்திருந்தார். டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் பக்கத்து அஞ்சடியில் உட்கார்ந்தார்கள். அங்கே கதிரேசன் கண்விழித்து, “இப்ப நாம எந்த ஊர்ல இருக்கோம்?” என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினார். ஒவ்வொரு இடத்திலும் இனியா கீழேயிருந்து மேலே கதை சொன்னாள். நடக்கும்போது வலித்தது. உட்காரும்போது குறைந்தது. மறுபடி எழுந்து நடக்க அது போதுமாக இருந்தது.

பெருமாள் கோயில் கோபுரம் தெரியும் கடைசி நிறுத்தத்தில் அவள் முடித்தபோது, சுற்றுப்பயணிகள் இருவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஷமீமா போனை அணைத்தார்.

“மூணு மணி பதினேழு நிமிஷம்,” என்றார். “ரெண்டு மணி நேரம்னு சொன்னேன் இனியா. ஒரு ஆள் தூங்கிட்டார். ஒரு ஆள் மேல...” சுந்தரேசன் இருந்த திசையில் குடையைச் சரித்தார். “ஃபர்னிச்சர் வேற தூக்கிட்டு வந்தீங்க.”

“எல்லாம் அந்த மாத்திரையால மேடம்,” என்றார் செல்வராஜ்.

“மாத்திரை இல்லைண்ணே, பிரியாணி,” என்றார் சுசீலா.

“அப்ப நீ ஓடுறது?”

“அது மாத்திரைதான்.”

“எனக்கு எது?” என்று கதிரேசன் ஸ்டூலில் இருந்தபடி கண்ணைத் திறக்காமல் கேட்டார். மூவரும் ஆளுக்கொரு பதில் சொல்லத் தொடங்கினார்கள்.

இனியா அந்தச் சத்தத்திலிருந்து இரண்டடி விலகி ஷமீமாவின் எதிரே வந்தாள். கம்பி இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்று இந்தத் தடவை அவளுக்குத் தோன்றவில்லை. காதை மறைத்த முடியை ஒதுக்கிக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

“அக்கா, என் கால் மாசக் கடைசிக்குள்ள சரியாகாது. மூணு மாசத்துல ஆகுமான்னும் தெரியாது. ஆனா நான் இன்னைக்கு ஒரு ஸ்டாப்பைக்கூட விடலை. அந்த டீச்சர்ஸுக்கு மூணரை மணி நேரம்னு சொல்லிடுங்க. ஆளுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துக் குடுங்க. அந்த டூரை எனக்கே குடுங்கக்கா.”